மயிலம்மாளின் இரண்டு கூடைகள்

மயிலம்மாளிடம் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்று முன்கட்டில், ஒன்று பின்கட்டில். முன்கட்டுக் கூடையில் சமயபுரத்து முடி. மாரியம்மனுக்கு மொட்டை போட்டவர்களின் முடியை மொத்தமாக வாங்கி வந்து, நாடகக் கம்பெனிக்காரர்களுக்கு டோப்பா கட்டிக் கொடுப்பாள். ராஜபார்ட்டுக்குச் சுருட்டை, நாரதருக்குக் கொண்டை, எது கேட்டாலும் உண்டு. பின்கட்டுக் கூடையில் வீட்டு முடி. தலை வாரும்போது சீப்போடு வரும் சிக்கு முடியைப் பெண்கள் எறிய மாட்டார்கள். விரலில் சுற்றித் துணிப்பையில் போட்டு வைப்பார்கள். பை நிறைந்ததும் மயிலம்மாளிடம் வரும். அவள் அதைச் சிக்கெடுத்து, நீளம் பார்த்து அடுக்கி, சவுரியாகக் கட்டிக் கொடுப்பாள். அவரவர் முடி அவரவர் பின்னலுக்கே போய்ச் சேரும்.

இந்த இரண்டு கூடைகளும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. கோயில் முடிக்குக் கறுப்பு நூல், வீட்டு முடிக்குச் சிவப்பு நூல். சீப்பு வேறு, பலகை வேறு. ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொட மாட்டாள். யாரும் வந்து மேற்பார்வை பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் அப்படித்தான் செய்வாள். திருச்சிக் கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்துகொண்டு, காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் நாலு வீதிப் பெண்களின் தலையையும் அவள் ஆண்டுகொண்டிருந்தாள் என்றால் அதற்கு இந்தச் சிவப்பு நூல்தான் காரணம். புருஷன் தொட்டியத்தில் வாழைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டான். மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். அது போதும் என்பது மயிலம்மாள் கட்சி.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஜட்கா வண்டிக்கார அடைக்கலம் சந்துமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கிற மாதிரி இருந்தா கோவிப்பேன். சொல்லு."

"சித்திரை வீதி வாத்தியார் வீட்டு அம்மா இருக்காங்களே, கோதைநாயகியம்மா, நேத்து அம்மா மண்டபம் படித்துறையில பத்துப் பொம்பளைங்க நடுவுல சத்தம் போட்டாங்களாம். பொண்ணு கல்யாணத்துக்கு நீ கட்டிக் கொடுத்த சவுரி பாழாப் போச்சாம். அது அவங்க பொண்ணு முடியே இல்லையாம். சமயபுரத்து மொட்டை முடியைப் போட்டு ஏமாத்திட்டியாம்."

மயிலம்மாள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். சவுரி சரியில்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். நூல் நைந்துவிட்டது, நீளம் குறைச்சல், எது சொல்லியிருந்தாலும் போய்ச் சரி செய்துவிட்டு வருவாள். ஆனால் இது வேறு. வைதிகக் குடும்பத்தில், கல்யாணப் பெண்ணின் தலையில், யாரோ வழித்துப் போட்ட முடியை ஏற்றிவிட்டாள் என்பது. இந்தச் சொல் படித்துறையில் நின்றுவிட்டால் இனி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்ணும் சிக்கு முடியை அவளிடம் நம்பிக் கொடுக்க மாட்டாள். பின்கட்டுக் கூடை காலியாகும்.

அந்த முடி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெண்ணின் பெயர் செண்பகவல்லி. போன ஐப்பசியில் டைபாய்டு ஜுரம் வந்து முப்பது நாள் படுத்து எழுந்தபோது, இடுப்பு வரை இருந்த முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. கோதைநாயகி தலையணையிலிருந்தும் பாயிலிருந்தும் ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி வெள்ளைத் துணியில் முடிந்து, அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். மயிலம்மாள் இருபது நாள் உட்கார்ந்து கட்டினாள். ஒவ்வொரு கற்றையையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பாள். முடி தானாக ஒரு பக்கம் நகரும். நகரும் பக்கம் அடி, மற்றது நுனி. அடியோடு அடி, நுனியோடு நுனி சேர்த்தால்தான் சவுரி சிக்காகாமல் நிற்கும். அப்படிக் கட்டியதைத்தான் மொட்டை முடி என்கிறாள் அந்த மகராசி!

"வண்டியைத் திருப்பு" என்றாள் மயிலம்மாள். பையில் கொஞ்சம் சீயக்காய்த் தூளும், ஒரு மரச்சீப்பும், ஒரு துண்டு மஞ்சளும் போட்டுக்கொண்டாள். மஞ்சளை ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அப்போது அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வெளியே கிளம்பினால் எடுத்துக்கொள்வது வழக்கம், அவ்வளவுதான்.

வாத்தியார் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. கிணற்றடியில் கோதைநாயகி நின்றுகொண்டிருந்தாள். வியாழக்கிழமை முகூர்த்தம். வீட்டுக்குள் அப்பளத்துக்கு மாவு இடிக்கிற சத்தம் கேட்டது. கோதைநாயகி நல்ல உயரம், நாற்பத்திரண்டு வயதிலும் ஒரு நரை கிடையாது, முடிந்தால் கொண்டை தேங்காய் அளவு இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"வா, வா, உன்னைத்தான் பார்த்துண்டிருக்கேன்" என்று கோதைநாயகி மாடத்திலிருந்து எதையோ எடுத்துத் துவைக்கல்லின் மேல் போட்டாள். "நீயே பாரு. இது என் பொண்ணோட முடியா?"

மயிலம்மாள் பார்த்தாள். தேங்காய் நார் மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. கறுப்பு போய்ச் செம்பட்டை பாய்ந்திருந்தது. நுனியெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து, விரல் நுழைய இடமில்லை. தலைப்பில் மட்டும் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வேலை அவளுடையதுதான், பாழானது அவளால் இல்லை. அதை மோந்து பார்த்தாள்.

"எதைப் போட்டு அலசினீங்க அம்மா?"

"எதைப் போட்டா என்ன? நல்ல முடியா இருந்தா எதைப் போட்டாலும் நிக்கும். வெள்ளிக்கிழமை அலசினேன், காஞ்சதும் இப்படி ஆயிடுத்து."

"சீயக்காயா?"

"என் தம்பி சேஷு கொண்டுவந்த ஷாம்பு பவுடர். அதைச் சொல்லாதே. அதுல குத்தமே கிடையாது. செண்பகமும் அதைத்தான் மூணு நாளாத் தலைக்குத் தேய்ச்சுக்கறா. அவ மூஞ்சியைப் பாரு, என்ன களை வந்திருக்கு! அடியே செண்பகம், இங்கே வா."

செண்பகவல்லி கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள். பதினேழு வயது. தலையில் கழுத்தளவு புது முடி. நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், கழுத்து, எல்லாம் செக்கச் சிவந்திருந்தது. கோதைநாயகி பெருமையோடு பார்த்தாள். "எதிராத்து மாமி கூடச் சொன்னா, கல்யாணக் களை வந்துடுத்து, மகாலக்ஷ்மி மாதிரி சிவந்துட்டா, ஆரத்தி எடுத்த மாதிரி இருக்குன்னு."

மயிலம்மாள் பெண்ணின் கிட்டே போய்ப் பார்த்தாள். நெற்றி நடுவில் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருந்தது. முடியிலிருந்து நுரை வழிந்த இடத்தில் மட்டும் சிவப்பு. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். நாலு வீதிப் பெண்களும் சேர்ந்து மூன்று நாளாகக் கொண்டாடிய களை இதுதானா!

"பாப்பா, அரிக்குதா?"

"அரிக்கறது" என்றாள் செண்பகவல்லி மெல்ல. "அம்மாகிட்டச் சொன்னேன். களை வரச்சே அப்படித்தான் இருக்கும்னா."

அந்த நேரம் பார்த்து சேஷு வந்து சேர்ந்தான். சேஷு கோதைநாயகியின் கடைசித் தம்பி. இன்டர்மீடியட்டில் இரண்டு தரம் தவறி, குடை ஏஜென்சி எடுத்து, அது மழையில்லாத வருஷமாகப் போய், பிறகு பௌண்டன் பேனா எடுத்து, அதை விட்டு, இப்போது 'குந்தள ராணி ஷாம்பு பவுடர்' என்ற ஒன்றுக்குத் திருச்சி ஜில்லா ஏஜென்ட். நல்ல பிள்ளைதான். எதை விற்றாலும் முதலில் அவனே அதை நம்பிவிடுவான், அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. தகர டப்பா ஒன்று கையிலேயே இருந்தது. அதில் முழங்கால் வரை கூந்தல் விட்ட ஒரு ராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பவுடரைச் சொல்றியா? இதைப் படிக்கட்டுமா உனக்கு?" என்று டப்பாவைத் திருப்பினான். "சோடா கிடையாது, சவுக்காரம் கிடையாது, காரம் என்பது துளியும் கிடையாது, பச்சைக் குழந்தைக்கும் உபயோகிக்கலாம். அச்சுல போட்டிருக்கு. மதராஸ்ல பெரிய பெரிய வீட்டுல எல்லாம் இப்போ சீயக்காயை விட்டாச்சு. கண் எரியறது, முடியில திப்பி நிக்கறது, அதெல்லாம் கர்நாடகம்."

"டப்பா சொல்றது டப்பாவோட இருக்கட்டும் ஏஜென்ட் சாமி" என்றாள் மயிலம்மாள். "அம்மா, இன்னைக்குத் தலை வாரினீங்களா?"

"வாரினேன். எதுக்கு?"

"சீப்புல வந்த முடி இருக்குமே, அதைக் கொஞ்சம் கொடுங்க. சமயபுரத்து முடி வேண்டாம், பாப்பா முடியும் வேண்டாம். உங்க முடியே சாட்சி சொல்லட்டும். ரெண்டு சொம்பு வெந்நீரும் வேணும்."

கோதைநாயகிக்கு இதில் ஒரு வம்பு இருப்பது தெரிந்தது. ஆனால் தன் முடி தோற்கும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. உள்ளே போய் முடிச்சுருளை எடுத்து வந்தாள். மயிலம்மாள் அதைப் பிரித்து, விரலில் தேய்த்து, அடி நுனி பார்த்து, இரண்டு சரிபாதியாக்கினாள். ஒன்றைச் சீயக்காய்த் தூள் கரைத்த சொம்பில் போட்டாள். மற்றதை, சேஷு கையாலேயே பவுடர் கரைக்கச் சொல்லி, அந்தச் சொம்பில் அவனையே போடச் சொன்னாள். இரண்டையும் சமமாகக் கசக்கி அலசியெடுத்தார்கள்.

ஷாம்புச் சொம்பில் நுரை பொங்கி வழிந்தது. முடி கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு பட்டு மாதிரி இருந்தது. சீயக்காயில் போட்டது சாதுவாக, அங்கங்கே தூள் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"பார்த்தியா?" என்று சேஷு துள்ளினான். "அக்கா, தொட்டுப் பாரு. வெண்ணெய்!"

கோதைநாயகி தொட்டுப் பார்த்தாள். "ஆமாம், இதுதான் நன்னா இருக்கு" என்றாள். மயிலம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "இனிமே என்ன சொல்லப் போறே?"

உள்ளே மாவு இடித்துக்கொண்டிருந்தவர்களும் உலக்கையை வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மயிலம்மாளின் குரல் இறங்கவில்லை.

"ஈரத்துல எல்லா முடியும் அழகுதான் அம்மா. காயட்டும்."

இரண்டு கற்றையையும் கிணற்றுச் சுவரில் வெயிலில் போட்டாள். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க அவளால் முடியாது. பையிலிருந்த மஞ்சளைத் துவைக்கல்லில் உரசினாள். இரண்டு சொம்பிலும் மிச்சமிருந்த தண்ணீரில் சம அளவு குழைத்துவிட்டாள். சீயக்காய்த் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகவே கரைந்தது. குந்தள ராணிச் சொம்பில் மஞ்சள் விழுந்ததும் சிவந்தது. சிவந்தது என்றால் லேசாக இல்லை, வாசலில் மாப்பிள்ளைக்குச் சுற்றிக் கொட்டுகிற ஆரத்தித் தண்ணீர் மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் சடகோபன் கொல்லைப்பக்கம் வந்தார். ஹைஸ்கூலில் சமஸ்கிருத வாத்தியார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது. நெற்றியில் வெள்ளைத் திருமண் நடுவே ஸ்ரீசூர்ணம் சிவப்பாக, இழை பிசகாமல் இருந்தது. கடையில் விற்கிற ஸ்ரீசூர்ணத்தை அவர் தொட மாட்டார். அதில் என்னென்ன சாயம் கலக்கிறானோ என்று, வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சளோடு வெண்காரத்தைச் சேர்த்து அவரே வீட்டில் பண்ணிக்கொள்வார்.

"சாமி, இந்த ரெண்டு சொம்பையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள் மயிலம்மாள். "ரெண்டுலயும் ஒரே மஞ்சளைத்தான் விட்டிருக்கேன். ஒண்ணு ஏன் சிவந்துச்சு?"

சடகோபன் குனிந்து பார்த்தார். சிவந்த தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"காரம் இருக்கு" என்றார். "காரம் சேராம மஞ்சள் சிவக்காது. நான் வருஷா வருஷம் பண்றேனே, எனக்குத் தெரியாதா? யார் ஸ்ரீசூர்ணம் பண்ணினது இங்கே?"

சேஷு டப்பாவில் அச்சிட்டிருந்ததை மறுபடியும் படித்தான், இந்தத் தடவை வாய்க்குள்.

"யாரும் பண்ணலை சாமி. பாப்பா நெத்தியில தானா ஆயிருக்கு" என்றாள் மயிலம்மாள். "மஞ்சள் பூசிக் குளிக்கிற பொண்ணு தலையில இந்தத் தூளைத் தேய்ச்சா, நுரை பட்ட இடமெல்லாம் சிவக்காம என்ன செய்யும்? அது களை இல்லை, காரம். அரிப்பும் அதனாலதான். ஜுரத்துல போன முடி இப்பத்தான் தளிர் விடுது, அதை இந்தச் சோடாவுல வேக வைக்கிறீங்க."

சடகோபன் பெண்ணின் நெற்றியைப் பார்த்தார். மூன்று நாளாக அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊருக்கெல்லாம் சுத்தமான ஸ்ரீசூர்ணம் எது என்று சொல்லுகிற மனிதர், தன் பெண்ணின் முகத்தில் அது விளைவதைக் கல்யாணக் களை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். அவர் முகமும் இப்போது கொஞ்சம் சிவந்தது, அதற்கு மட்டும் பவுடர் காரணமில்லை. "போய் நல்ல தீர்த்தத்துல அலம்பிக்கோ அம்மா" என்று மட்டும் பெண்ணிடம் சொன்னார்.

அதற்குள் வெயிலில் முடி காய்ந்துவிட்டது. மயிலம்மாள் இரண்டையும் எடுத்து வந்தாள். சீயக்காயில் அலசியதை உதறினாள். தூள் உதிர்ந்தது, இழை இழையாகப் பிரிந்து கறுகறுவென்று தொங்கியது. மற்றதை உதறினாள். உதிரவும் இல்லை, பிரியவும் இல்லை. பாக்கு அளவுக்குச் சுருண்டு இறுகி, செண்பகவல்லியின் சவுரி எப்படிக் கிடந்ததோ அப்படியே இருந்தது. அதைக் கோதைநாயகியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது யார் முடி அம்மா? இதுவும் சமயபுரத்து மொட்டை முடிதானா?"

கோதைநாயகி கையை மூடிக்கொண்டாள். வீட்டிலிருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தார்கள். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"பவுடர் தப்புன்னே வச்சுக்கோ" என்றாள் கடைசியில். "அதனால சவுரியில நீ எந்த முடியை வச்சேன்னு தெரிஞ்சுடுமா?"

சேஷுவுக்கே அது அநியாயமாகப் பட்டது. "அக்கா!" என்றான். சடகோபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மயிலம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொம்புகளை உருட்டிவிட்டிருப்பாள். ஆனால் வாசற்படியில் செண்பகவல்லி முகம் கழுவிய ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்தது?

"தெரியாதுதான்" என்றாள். துவைக்கல்லில் கிடந்த சவுரியை எடுத்துப் பையில் வைத்தாள். "இதைச் சரி பண்ணிக் கொண்டு வரேன். மூணுல ஒரு பங்கு ஒடிஞ்சு போயிடும், அதை இப்பவே சொல்லிடறேன். புதன்கிழமை காலையில தயாரா இருக்கும். ஆனா இங்க கொண்டுவந்து தர மாட்டேன் அம்மா. எங்க வச்சு என்னைச் சொன்னீங்களோ, அந்தப் படித்துறைக்கு வரேன். அங்க வந்து வாங்கிக்கங்க. உங்க வாயில என்ன வருதோ அதைச் சொல்லிட்டு வாங்கிக்கங்க."

பதிலுக்கு நிற்காமல் கொல்லைக் கதவைத் தாண்டிப் போனாள்.

புளித்த மோரில் அந்தச் சவுரி ஒரு பொழுது ஊறியது. பிறகு சீயக்காய்த் தண்ணீர், பிறகு நல்லெண்ணெய். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மயிலம்மாள் மரச்சீப்பை எடுத்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே, விரற்கடை விரற்கடையாகச் சிக்கெடுத்தாள். இழுத்தால் ஒடியும், விட்டால் மறுபடி சுருளும். பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவழியாக முடி பிரிந்து, கறுப்பும் கொஞ்சம் திரும்பியது. ஒடிந்து விழுந்தது மடியில் குவிந்திருந்தது. சொன்னபடி மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் எலிவால் இல்லை, ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு அது பற்றாது.

கூட வேலை செய்கிற நாத்தனார் காளியாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, முன்கட்டுக் கூடையில இதே நீளத்துல, இதே நிறத்துல நேத்து வந்த முடி இருக்கே. ஒரு பிடி நடுவுல வச்சுக் கட்டிட்டா யாருக்குத் தெரியும்? பாழாக்கினது அவங்க. பேச்சு வாங்குறது நீங்க. மெலிசா கொண்டு போனீங்கன்னா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

மயிலம்மாள் மடியில் குவிந்திருந்த முடியைப் பார்த்தாள். சொன்னதில் தப்பில்லை. ஒரு பிடி போதும். சிவப்பு நூலை மேலே சுற்றிவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது. படித்துறையில் பத்துப் பேர் பார்க்க, தடியாக, பளபளவென்று எடுத்து நீட்டினால் எவ்வளவு கௌரவமாக இருக்கும்! எழுந்து முன்கட்டு வரைக்கும் கூடப் போனாள். கூடையின் மூடியில் கை வைத்தாள்.

வைத்த கையைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு இந்த மூடியைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை கோதைநாயகி படித்துறையில் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வேண்டாம்டி" என்று திரும்பி வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, இருக்கிற முடியை இருக்கிறபடி கட்டி முடித்தாள்.

புதன்கிழமை காலை அம்மா மண்டபத்தில் ஒரே கூட்டம். காவிரி மேல்படி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் படியோரமாக, கல்தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள் அவளைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. போன வாரம் வரை "மயிலு, என் பை நிறைஞ்சுடுத்து, எப்ப வரே?" என்று கேட்ட ரங்கம்மா கூடப் பார்க்காதவள் மாதிரி புடவையைப் பிழிந்தாள். மயிலம்மாள் தலையைக் குனியவில்லை.

கோதைநாயகி வருவாளா, தம்பியை அனுப்பிவிடுவாளா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாழிகை கழித்து வந்தாள். கூடவே செண்பகவல்லி. கோதைநாயகியின் இடுப்பில் ஏதோ ஒரு துணிப்பை செருகியிருந்தது. நேராக மயிலம்மாள் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

மயிலம்மாள் பொட்டலத்தைப் பிரித்துச் சவுரியைக் கொடுத்தாள். "சுத்தமா இருக்கும்மா. ஆனா மெலிசு. ஒடிஞ்சு விழுந்ததையும் இதோ தனியா முடிஞ்சு வச்சிருக்கேன், சரிபார்த்துக்கங்க. பூவைக் கொஞ்சம் கூடுதலா வச்சுப் பின்னுங்க."

கோதைநாயகி சவுரியை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாள். ஒடிந்த முடியின் முடிச்சையும் வாங்கிப் பார்த்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை எந்தக் குரலில் பேசினாளோ அதே குரலில், படித்துறை முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இவ இன்னிக்குத் தடியா ரொப்பிண்டு வந்து நீட்டுவா, அப்போ உங்க எல்லார் முன்னாடியும் இவளைக் கையும் களவுமாப் பிடிக்கலாம்னுதான் நான் வந்தேன். மொட்டை முடி சேர்க்கறவளா இருந்தா நேத்திக்குச் சேர்த்திருப்பா. மானம் போற சமயத்துல கூடச் சேர்க்கலை. மெலிசா இருக்குன்னு தானே சொல்லிண்டு மெலிசாவே கொண்டுவந்திருக்கா. நான் சொன்னது பொய். என் பொண்ணு முடியைப் பாழாக்கினது நான். சேஷு பவுடரைப் போட்டு நான்தான் அவிச்சேன்."

உடனே ரங்கம்மாவின் குரல் எழுந்தது. "எந்தப் பவுடர்? டப்பாவுல ராணி படம் போட்டிருக்குமே அதுவா? நான் இப்போதான் தேய்ச்சுக்கப் போறேன்!" ரங்கம்மா முகத்துக்குப் பூச உரசி வைத்திருந்த மஞ்சளில் செண்பகவல்லி, அவள் டப்பாவிலிருந்தே ஒரு சிட்டிகைப் பவுடரை எடுத்துப் போட்டுக் குழைத்துக் காட்டினாள். சிவந்தது. "இங்கேயும் காட்டுடி, இங்கேயும்" என்று அக்கம்பக்கத்துப் படிகளிலிருந்து மூன்று டப்பாக்கள் வெளியே வந்தன. மஞ்சளுக்கா அங்கே பஞ்சம்? படித்துறை முழுக்கச் சிவப்புக் குழம்பும் சிரிப்புமாக ஆகிவிட்டது. மிச்சப் பவுடரைக் கொண்டு பித்தளைப் பாத்திரம் துலக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்கு முதல் தரம் என்றாள் மயிலம்மாள்.

கோதைநாயகி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த துணிப்பையை எடுத்து மயிலம்மாள் மடியில் வைத்தாள்.

"கல்யாணமாகி வந்த நாளிலேர்ந்து சேர்த்தது. இருபத்தஞ்சு வருஷம். கர்வத்துல யார்கிட்டயும் கொடுத்ததில்லை, எனக்கென்ன சவுரின்னு. நீ மெலிசா கொண்டுவந்தா கொடுக்கணும்னு இதையும் எடுத்துண்டுதான் வந்தேன். எது நடக்கணும்னு வேண்டிண்டேன்னு எனக்கே தெரியலை. பெத்தவ முடி பொண்ணுக்கு அந்நிய முடி ஆகாதே? இதை அதோட சேர்த்துக் கட்டு, மயிலம்மா."

இத்தனை வருஷத்தில் அவள் மயிலம்மா என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மயிலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே இங்கயே உட்கார்ந்து கட்டிடறேன் அம்மா. பாப்பா, நீ பக்கத்துல உட்காரு, நூலைப் பிடி."

செண்பகவல்லி ஈரப்படியில் உட்கார்ந்து சிவப்பு நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மயிலம்மாள் தாயின் முடியில் ஒரு கற்றையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, அடி எது என்று பார்த்து, மகளின் முடியோடு சேர்த்து வைத்தாள்.